ஒட்டு இருந்த இடம்

"நான் ஜெனோ. வயசு இருபத்திமூணு. இப்ப ஷார்ஜாவுல, கிட்டங்கியில நிக்கேன்."

வீட்டுக்கு அனுப்புகிற சேதி எதுவானாலும் அவன் இப்படித்தான் தொடங்க வேண்டும். அது அம்மா ஆக்னஸ் போட்ட சட்டம். அவன் விமானம் ஏறிய புதிதில் எவனோ ஒருவன் புன்னைக்காயல் வீட்டுக்குப் போன் போட்டு, உங்கள் மகனைப் போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது என்று அழுகிற குரலில் பேசிவிட்டான். ஆக்னஸ் அரை நாள் ஜெபமாலையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். அதிலிருந்து பேர், வயது, நிற்கிற இடம் மூன்றும் வராத சேதியை மகனுடையதாக அவள் ஏற்பதில்லை. களவாணிக்கும் இந்த மூன்றும் தெரிந்திருக்கலாமே என்று தங்கை ஸ்டெபி கேட்டதற்கு, "களவாணி வயச கூட்டித்தாம்ளா சொல்லுவான்" என்றாளாம்.

குரலாகவே அனுப்பிவிடலாம். ஆனால் அப்பா மனுவேலுக்குக் காது மந்தம். பாதி ஆயுசை வள்ளத்தின் பின்பக்கம் இன்ஜினை ஒட்டியே கழித்ததில் வந்தது. எழுத்தாக வந்தால் போனைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்து, பூசையில் வாசகம் வாசிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக வாசித்துவிடுவார். ஜெனோவுக்கோ பகலெல்லாம் கையில் கிரீஸ். அதனால் போனை உதட்டுக்குக் கிட்ட வைத்துப் பேசுவான். அது எழுதிக்கொள்ளும்.

அவன் வேலை அப்படி. விபத்தில் நொறுங்கிய கார்களைப் பிரித்து, உருப்படியான சாமான்களைத் தனியே எடுத்து விற்கிற கிட்டங்கி. கியர் பாக்ஸ், பக்கக் கண்ணாடி, ஹெட்லைட், கதவு. ஒவ்வொன்றையும் துடைத்து வெள்ளைத் துணிமேல் வைத்து நாலு பக்கமும் படம் எடுக்க வேண்டும். பிறகு அந்தப் படங்களை மொத்தமாகக் கம்ப்யூட்டரில் தள்ளி, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் குறைத்து, கம்பெனிப் பெயரை மங்கலாக நடுவில் பதித்து ஆன்லைனில் ஏற்ற வேண்டும். ஒரு படத்துக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும், மற்ற அத்தனைக்கும் அது தானே செய்துவிடும். மதியம் தகரக் கூரை அனலாய் இறங்கும்போது ஜெனோ கம்ப்யூட்டர் அறைக்குள் போய் உட்கார்ந்து, திரையில் கோடு நகர்ந்து நகர்ந்து நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனோடு வேலை செய்கிற சாத்தான்குளத்து ஷாம் அதை, "நம்ம வேலைய அது பாக்குது, அத நீ பாக்க" என்பான்.

இந்த வித்தையை ஜெனோ ஊரில் இருக்கும்போதே கற்றிருந்தான். மாப்பிள்ளையூரணியில் நேசக்குமார் அண்ணாச்சியின் ஸ்டுடியோவில் இரண்டு வருஷம் இருந்தான். கல்யாணம், புதுநன்மை, சபைக் கூட்டம் எல்லாவற்றுக்கும் படம். வீட்டை இப்போது ஆட்டிக்கொண்டிருக்கிற சங்கதியும் அங்கே இருந்தபோது எடுத்த ஒரு படத்தில்தான் வந்து நின்றது.

அவன் ஷார்ஜா வந்த பிறகு ஒரு மார்கழியில் தாமிரபரணி கரை மீறி வந்தது. ஆறு கடலில் விழுகிற இடத்தில் கட்டிக் கிடந்த வள்ளங்களைக் கயிற்றோடு பிடுங்கிக்கொண்டு போனது. பலருடையது கண்டல் செடிக்குள்ளும் மணல்திட்டிலும் கிடைத்துவிட்டது. மனுவேலின் 'சந்தியாகு' மட்டும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவர் அடுத்தவன் வள்ளத்தில் பங்குக்குப் போகிறார். தன் வள்ளத்தில் பின்பக்கம் உட்கார்ந்து சுக்கான் பிடித்த மனிதர், இப்போது நடுவில் உட்கார்ந்து தண்ணீர் இறைக்கிறார். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. ஆக்னஸ்தான் சொன்னாள், கரையேறி வந்ததும் முன்போல அன்றைக்குப் பட்ட மீனின் பேரைச் சொல்லித் தன்னைக் கூப்பிடுவதில்லை என்று.

இந்த வருஷம், தெற்கேயிருந்து அடிக்கிற சோளக்காற்றுக் காலத்தில்தான் வேம்பார்ப் பக்கமிருந்து சேதி வந்தது. தீவு ஓரம் மணலில் குத்தி நின்ற ஒரு வள்ளத்தை அந்த ஊர்க்காரர்கள் இழுத்து வந்திருக்கிறார்கள். இன்ஜின் இல்லை, பலகை இல்லை, வெறும் கூடு. முன்பக்கம் கடலடிப் பாரில், பாறையில் உரசி, நம்பரும் பேரும் போய்விட்டன. நீல நிறம். இடது பக்க வயிற்றில் ஓர் ஒட்டு.

மனுவேல் ஸ்டெபியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனார். வள்ளத்தைச் சுற்றி வந்தார். விளிம்பில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார் என்று ஸ்டெபி எழுதினாள். பிறகு, நம்முடையதுதான் என்றார். வேம்பார் ஊர்க் கமிட்டிக்காரர்கள் மரியாதையாகவே பேசினார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் இதே வள்ளத்தைக் கேட்டு வேறு ஒருவரும் போன் போட்டிருக்கிறாராம், அவரிடம் படம் இல்லையாம். அதனால், ஒட்டு தெரிகிற பழைய படம் ஒன்றைக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள்.

படம் இருந்தது. அதுதான் வம்பு.

கோயில் திருவிழா சமயத்தில் வள்ளங்களை மந்திரிப்பது வழக்கம். எல்லா வள்ளத்தையும் கழுவி, மாலை போட்டு, மூக்கு கடலைப் பார்க்க வரிசையாகக் கரையில் ஏற்றி வைப்பார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போவார். ஜெனோ ஸ்டுடியோவில் இருந்த ஒரு வருஷம் நேசக்குமார் அண்ணாச்சிக்கு ஒரு யோசனை. வள்ளம் வள்ளமாகப் படம் எடுத்து, ஸ்டுடியோ பேரைப் போட்டு, ஊருக்கே வாட்ஸ்அப்பில் இலவசமாகக் கொடுத்துவிட்டால் அடுத்த கல்யாணம் நம்மிடம்தான் வரும். ஜெனோவை அனுப்பினார்.

படம் என்றதும் கரையில் ஆளாளுக்கு ஒன்றை மறைக்கச் சொன்னார்கள். மந்திரிக்கிற அன்று வள்ளத்தின் குறை படத்தில் விழுந்தால் கண் வைப்பார்கள் என்பது அங்கே எல்லாருக்கும் உள்ள பயம். துருப்பிடித்த இன்ஜினைக் காட்டாதே என்றார் ஒருவர். முடிச்சுப் போட்ட கயிறு வேண்டாம் என்றார் இன்னொருவர். மனுவேலும் மகனைத் தனியே கூப்பிட்டார். இடது பக்கத்து ஒட்டுக்கு மேல் அடித்த புது நீலம் பழைய நீலத்தோடு சேராமல் பளிச்சென்று நின்றது. உள்ளங்கையளவுதான், அதன்மேல் உங்கள் கடைப் பேரைப் போட்டுவிடு என்றார்.

ஜெனோ அப்படியே செய்தான். ஆனால் மொத்தமாகச் செய்கிற வேலையில் பேர் விழுகிற இடத்தை ஒரு தடவைதான் குறிக்க முடியும். அப்பாவின் ஒட்டுக்கு நேராகக் குறித்தான். வள்ளங்களெல்லாம் ஒரே திசை பார்த்து நின்றதால், ஊரில் உள்ள அத்தனை வள்ளத்துக்கும் வயிற்றில் அதே இடத்தில் 'நேசம் ஸ்டுடியோ' என்று விழுந்தது. அதில் மூன்று வள்ளங்களுக்குப் புனிதர் பேரே மறைந்துபோய், அந்த வீட்டுக்காரர்கள் அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போனார்கள். கம்ப்யூட்டரில் இடம் இல்லாததால் குறைத்த படங்களையே பழைய படங்களின்மேல் சேமித்திருந்தான். அசல் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இப்போது போன் போட்டுக் கேட்டபோது அண்ணாச்சி கோபிக்கவில்லை. "அசலு ஏதுடே? நீதான மேலயே சேவ் பண்ணுன. கார்டையும் மறுநாள் கல்யாணத்துக்கு அழிச்சாச்சு" என்றார். தன்னிடம் இருந்த மந்திரிப்புப் படங்கள் முழுவதையும் ஒரு ஃபோல்டராக மெயிலில் அனுப்பிவைத்தார். எல்லாவற்றிலும் அவர் கடைப் பேர் வள்ளத்து வயிற்றில் கெட்டியாக இருந்தது.

பேரை எடுத்துத் தருகிற ஆப் இருக்கிறதே என்று ஸ்டெபி எழுதினாள். ஜெனோவும் போனில் அப்படி ஒன்றை இறக்கிப் போட்டுப் பார்த்தான். எழுத்துமேல் விரலால் தேய்த்தால் அது சற்று யோசித்துவிட்டு எழுத்தை எடுத்துவிடுகிறது. எடுத்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று தானே ஊகித்து நிரப்பிவிடுகிறது. சுற்றிலும் நீலம், ஆகவே நீலம். ஒட்டே இல்லாத, நேற்றுக் கடையில் வாங்கியதுபோன்ற ஒரு 'சந்தியாகு' வந்தது. ஜெனோ அதை வெகுநேரம் ஆச்சரியமாகப் பார்த்தான். பிறகு வீட்டுக்கு அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை விடுமுறையில், ஷாமும் அவனும் குப்பூஸ் ரொட்டியைப் பருப்பில் முக்கித் தின்றுகொண்டிருந்தபோது அப்பாவே போனில் வந்தார். காது கேட்காதவர்கள் பேசுவதுபோல உரக்கப் பேசினார், ஜெனோவும் உரக்கவே பதில் சொன்னான். ஷாம் தட்டோடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

"ஏலே, எழுத்த எடுக்கச் சொன்னா ஒட்டையும் சேத்துல்லா எடுத்திருக்க?"

"நான் எடுக்கலப்பா. அதுக்கு அங்கன ஒட்டு இருந்தது தெரியாது."

"ஒனக்குத் தெரியும்லா?"

ஜெனோ கையிலிருந்த குப்பூஸைத் தட்டில் வைத்தான்.

"வேம்பார்ல ஸ்டெபி எடுத்த போட்டோ ஒங்கிட்ட இருக்கு. அதுல இருக்கத பாத்து இதுல வரைஞ்சிரு. பொய்யா போடச் சொல்லலலே. இருந்ததத்தான் போடச் சொல்லுதேன்."

"நீளமாவாப்பா இருந்துச்சு? வேம்பார்ல உள்ளது முழங்கை நீளத்துக்குக் கெடக்கு. நீங்க உள்ளங்கையளவுன்னுல்லா சொன்னீய."

"ஓட்டை உள்ளங்கையளவு. ஒட்டு ஓட்டையவிடப் பெருசாத்தான வைப்பான்."

அதில் ஒரு நியாயம் இருந்தது. ஜெனோவுக்கும் உறுதியாக ஞாபகம் இல்லை. அன்று அவன் பார்த்ததெல்லாம் வ்யூஃபைண்டருக்குள்தான். மறைக்க வேண்டிய இடம் என்று பார்த்தானே தவிர என்ன வடிவம் என்று பார்க்கவில்லை. அப்பா பிறகு, "நான் கைய வச்சுப் பாத்தேம்லே" என்றார். அந்தக் குரல் உரக்க இல்லை. பக்கத்தில் ஆக்னஸ் யாருடைய வலையிலிருந்தோ நண்டு கழற்றிக்கொண்டிருக்க வேண்டும், தகரச் சட்டியில் ஓடு விழுகிற சத்தம் கேட்டது. அவள் இந்தப் பேச்சில் நுழையவே இல்லை.

மறுநாள் மதியம், சாமான் படங்களுக்குக் கோடு ஓடிக்கொண்டிருந்தபோது ஜெனோ அண்ணாச்சி அனுப்பிய ஃபோல்டரைக் கிட்டங்கிக் கம்ப்யூட்டரில் திறந்தான். வரைவதற்குத்தான். ஒரு நீல வண்ணம், அதைவிடக் கொஞ்சம் வெளிர் நீலம், ஓரம் மங்கலான தூரிகை. அரை மணி வேலைகூட இல்லை. எந்தக் கமிட்டிக்காரரும் கண்டுபிடிக்க மாட்டார்.

அது கிழட்டுக் கம்ப்யூட்டர். அதில் கிடந்த பழைய சாஃப்ட்வேரில் ஃபோல்டரைத் திறந்தால் படங்கள் முதலில் தபால்தலை அளவில் வரிசையாக வரும். ஒன்றைத் தட்டினால் ஒரு மூச்சு விட்டுப் பெரிதாகும். ஜெனோ அப்பாவின் வள்ளத்தைத் தட்டினான். பெரிதாக வந்தது, வயிற்றில் கடைப்பேரோடு. மூடினான். மறுபடி தட்டினான். மூடினான். பிறகு கண்ணைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

சின்னப் படத்தில் கடைப் பேர் இல்லை.

மற்ற வள்ளங்களையும் பார்த்தான். எதிலுமே இல்லை. பெரிதாக்கினால் இருக்கிறது, சின்னதில் இல்லை. ஷாமைக் கூப்பிட்டான். ஷாம் கையில் ஒரு பக்கக் கண்ணாடியோடு வந்து குனிந்து பார்த்தான்.

"என்னடே இது, சித்து வேலையா இருக்கு?"

"கேமரா படம் எடுக்கும்போதே உள்ளுக்குள்ள குட்டியா இன்னொரு படத்தையும் சேத்து வச்சுக்கிடும்டே, சட்டுனு காட்டுறதுக்கு. நான் பெருசத்தான் மாத்திருக்கேன். உள்ள இருந்தத தொடவே இல்ல."

"அப்ப இத்தன வருசமா உள்ளயேவா இருந்துச்சு?"

"உள்ளயேதான் இருந்திருக்கு."

இரண்டு பேரும் வேலையை மறந்து ஊர் வள்ளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். சண்டைக்கு வந்த மூன்று வீட்டுக்காரர்களின் புனிதர் பேர்களும் சின்னச் சின்னக் கீறலாக அங்கே இருந்தன. துருப்பிடித்த இன்ஜின் ஒரு பழுப்புத் துளியாக இருந்தது. மாலைகள் ஆரஞ்சுத் தூசியாக இருந்தன. ஒரு வள்ளத்துக்கு மேலே வெள்ளையாக ஒரு கோடு நின்றதை ஜெனோ சாமியார் என்றான், ஷாம் கொக்கு என்றான்.

கடைசியில்தான் 'சந்தியாகு'வுக்கு வந்தார்கள். ஜெனோ அந்தக் குட்டிப் படத்தைத் தனியே பிரித்தெடுத்துப் பெரிதாக்கினான். கட்டம் கட்டமாக உடைந்தது. நீலக் கட்டங்களுக்கு நடுவே வெளிர் நீலத்தில் நாலைந்து கட்டங்கள். ஒரு பொட்டு. முழங்கை நீளமா உள்ளங்கை அளவா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை.

பிறகு அவனுக்குத் தன் வேலையே உதவிக்கு வந்தது. ஸ்டெபி வேம்பாரில் எடுத்த படத்தைத் திறந்தான். அதே பக்கம், ஏறக்குறைய அதே தூரம். வள்ளத்தின் மூக்கிலிருந்து வால்வரை இரண்டு படத்திலும் ஒரே நீளத்துக்கு வரும்படி வெட்டி, அதையும் அதே தபால்தலை அளவுக்குக் குறைத்தான். சாமான் படங்களுக்கு நாள் முழுக்கச் செய்கிற அதே வேலை. குறைத்துப் பக்கத்தில் வைத்தான்.

ஒன்றில் பொட்டு. இன்னொன்றில் கோடு. அழிச்சாட்டியம் செய்தால்கூட இரண்டையும் ஒன்று என்று சொல்ல முடியாது.

ஷாம் கண்ணாடியை மேசையில் வைத்தான். "இத யாரும் கேக்கலல்லா" என்றான் மெதுவாக. "ஒன்ட்ட பெரிய படத்தத்தான கேட்டாவ."

ஜெனோவுக்கு அது தெரியாமல் இல்லை. சாமான் படங்களின் கோடு நிரம்பி முடிந்து, அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டு நின்றது. அப்பா நடுவில் உட்கார்ந்து தண்ணீர் இறைப்பதை அவன் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அது அடிக்கடி அவன் கண்முன் வரும். பொய்யா போடச் சொல்லல என்றாரே, அதையும் அவர் பொய்யாகச் சொல்லவில்லை. கையை வைத்துப் பார்த்த மனிதருக்கு ஒட்டு அன்றைக்கே நீளமாகிவிட்டது. இனி அவர் சாகிறவரை நீளமாகவே இருக்கும், இவன் காட்டாவிட்டால். அப்புறம் அவர் யாருடைய வள்ளத்திலோ பின்பக்கம் உட்கார்ந்து சந்தோஷமாகக் கடலுக்குப் போவார். அந்த யாரோ ஒருவர் போன் போட்டுக் கேட்டிருக்கிறார், அவரிடம் படம் இல்லை.

போனை உதட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனான். பேர் சொன்னான், வயது சொன்னான், கிட்டங்கி அறையில் இருக்கிறேன் என்றான்.

"அப்பா, ரெண்டு படம் அனுப்புதேன். இடப்பக்கம் மந்திரிப்பு அன்னைக்கு எடுத்தது, கேமரா தானா உள்ள வச்சிருந்தது, நான் கை வைக்காதது. வலப்பக்கம் வேம்பார்ல கெடக்கது. நீங்களே பாத்துக்கிடுங்க. நான் ஒண்ணும் வரையல."

அனுப்பிவிட்டு ஹெட்லைட்களை எடுக்கப் போனான். வெளியே தார் இளகிக் கிடந்தது. ஒவ்வொரு ஹெட்லைட்டையும் தேவைக்கு மேல் துடைத்தான். போனை எடுத்துப் பார்க்கவில்லை, ஷாம்தான் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நீல டிக் விழுந்துவிட்டது, வாசித்துவிட்டார் என்றான். பிறகும் பதில் வரவில்லை.

சாயங்காலம் வந்தது அம்மாவின் போன். அவளுக்கு இந்தச் சட்டம் இல்லை, நேராகப் பேசினாள். அப்பா கடலுக்குப் போய் வந்து சாளைக் குழம்பு ஊற்றிச் சாப்பிட உட்கார்ந்த நேரம் படம் வந்ததாம். சோற்றைப் பிசைந்தபடி பார்த்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஏளா ஸ்டெபி இதைப் பெரிசாக்கு என்றார். பெரிசாக்கினால் கட்டமாகப் போகிறது என்று ஸ்டெபி சொன்னதும், அப்போ சின்னதாகவே வை என்றார்.

"பெறகு என்ன சொன்னாவ?" என்றான் ஜெனோ.

"போனத் தாளான்னு வாங்கி, வேம்பார் கமிட்டிக்காரவுகள கூப்ட்டாரு. அவுககிட்ட நம்ம வீடே அதிரும்படியா கத்துனாரு, அய்யா அது நம்மது இல்ல, அந்த இன்னொரு ஆளுக்கு மொதல்ல சொல்லுங்க, அவன் சோறு திங்காம இருப்பான்னு." ஆக்னஸ் தொடர்ந்தாள். "எனக்கு மொதல்லயே தெரியும்லே. வேம்பார்ல இருந்து வந்த அன்னைக்கு அவரு தூங்கல. நம்மதுன்னா தூங்கிருப்பாரு."

"அப்பாட்ட குடுங்க."

"வெளிய போயிருக்காரு. வள்ளத்தக் கட்டிப்போட்ட கயித்துல அந்து மிஞ்சுன துண்டு ஒண்ணு வச்சிருந்தாருல்லா, அத எடுத்துட்டுப் போயிருக்காரு. தூரப் போடவோ, எதுக்கோ." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு காரியம் சொல்லிட்டுப் போனாரு. அந்தப் பொட்டுப் படம் இருக்குல்லா, அத எல்லாக் கரைக்கும் அனுப்பச் சொன்னாரு. ஒட்டு தெரியட்டும்னு சொல்லச் சொன்னாரு" என்றாள்.

ஜெனோ மறுபடி அந்த அறைக்குப் போனான். குட்டிப் படத்தை, அது எவ்வளவு தாங்குமோ அவ்வளவுக்கு மட்டும் பெரிதாக்கினான். சாஃப்ட்வேர் வழக்கம்போல, பேர் எங்கே பதிக்கட்டும் என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினான். பிறகு போனை எடுத்து மணப்பாட்டிலிருந்து வேம்பார்வரை தனக்குத் தெரிந்த கரைக்காரர்களின் குழுக்கள் ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்துவிட்டு, உதட்டுக்குக் கிட்டப் பிடித்தான்.

"நான் ஜெனோ. வயசு இருபத்திமூணு. ஷார்ஜாவுல இருக்கேன், ஊரு புன்னைக்காயல், அப்பா பேரு மனுவேல். படத்துல இருக்கது எங்க வள்ளம், பேரு சந்தியாகு, வெள்ளத்துல போனது. இடது பக்க வயித்துல பொட்டு மாதிரி ஒரு ஒட்டு இருக்கும், நல்லாப் பாத்துக்கிடுங்க. இப்பிடி ஒரு வள்ளம் கரையிலயோ தீவுலயோ, எந்த நெறத்துல, எந்தப் பேருல கெடந்தாலும், இத வாசிக்கிறவங்க ஒரு படம் எடுத்து அனுப்புங்க. கிட்டப் போயி எடுங்க. படத்தோட அளவ கொறைக்காதீங்க, மேல ஒண்ணும் எழுதாதீங்க. இருக்கது இருக்கபடியே அனுப்புங்க."